ஒப்பே வாய் திறக்கக் கூடாது

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் கணிதத் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது தலைப்பையும் அவரே கொடுத்தார். "உழைப்பும் உயர்வும்." நான் சொன்னேன், "ஐயா, உழைப்பைப் பத்திப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் ஒரு மரப்பலகை கொண்டு வர்றேன், அதைப் பத்திப் பேசுறேன்." மனுஷன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். இதுதான் அந்தப் பலகை.

பலகையைத் தூக்கிக் காட்டியதும் அங்கே மாணவிகள் பக்கத்திலிருந்து "பல்லாங்குழி"ன்னு ஒரு குரல் வந்தது. சந்தோஷம். ஆனால் தங்கச்சி, குழியை எண்ணிப் பார்க்கணும். நம்ம பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு. இதிலே பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. இது நைஜீரியாவில் யொருபா மக்கள் ஆடுகிற அயோ. பலகைக்கு அவர்கள் பேர் 'ஒப்போன் அயோ'. ஒப்போன் என்றால் தட்டம். விதைக்கு 'ஒமோ அயோ', அயோவின் பிள்ளைகள் என்று அர்த்தம். குழியை 'இலே' என்பார்கள். இலே என்றால் வீடு.

நான் அங்கே எப்படிப் போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறையில் பி.எட். முடித்த பலருக்குத் தெரிந்த கதை அது. 1970-களில் நைஜீரியாவில் பெட்ரோல் பணம் கொட்டியது. 1976-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று திட்டம் கொண்டுவந்தார்கள். 1979-இல் மேற்குப் பகுதி மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளியையும் இலவசமாக்கின. பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இந்தியாவுக்கு வந்து நேர்முகத் தேர்வு வைத்து ஆள் எடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணக்கு, பௌதிக வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாகப் போனோம். நான் போனது 1981-இல். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. இபாதான் நகரத்துக்கு வடமேற்கே இசெயின் என்று ஓர் ஊர். ஒரு சூட்கேஸ், ஒரு ஊறுகாய் ஜாடி, இந்தக் கல்லூரியில் வாங்கிய கணிதத் திமிர். இவ்வளவுதான் என் சாமான்.

இசெயின் நெசவாளர் ஊர். அசோ-ஒக்கே என்று ஒரு துணி நெய்வார்கள். தறியின் அகலம் ஒரு சாண்கூட இருக்காது. பாவு மட்டும் முற்றம் முழுக்க நீண்டு கிடக்கும், அதன் கோடியிலே ஒரு கல்லைக் கட்டி வைத்திருப்பார்கள். நெய்ய நெய்ய அந்தக் கல் தரையில் நகர்ந்து நகர்ந்து தறியை நோக்கி வரும். சாயங்காலம் பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கும்போது தறிச்சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்கும். டக், டக், டக், டக். மரத்திலே ஏதோ விழுகிற சத்தம். ஒரு மரத்தடியில் பெஞ்சு போட்டு, நடுவில் இந்த மாதிரிப் பலகையை வைத்து இரண்டு பெரியவர்கள் ஆடுவார்கள். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஆடுகிறவர்களைவிட நிற்கிறவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். ஒருத்தன் ஏத்தி விடுவான், ஒருத்தன் கேலி செய்வான்.

முதலில் நான் நின்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பல்லாங்குழி பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டம். ஆச்சி ஆடுவாள், அக்கா வயசுக்கு வந்து வீட்டில் இருந்தபோது ஆடினாள். ஆம்பளைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தாலே விரட்டுவார்கள். இங்கே என்னடாவென்றால் மீசை நரைத்தவர்கள் பந்தயக் குதிரை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒருநாள் ஒரு விதை தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தேன். கையில் எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. சாம்பல் நிறம், கோலி அளவு, கல் மாதிரிக் கனம், வழவழப்பு. கழற்சிக்காய்! ஆச்சியின் தகர டப்பாவில் இருந்த அதே கழற்சிக்காய். யாருக்காவது வீக்கம் என்றால் உடைத்து உள்ளே இருக்கிற பருப்பை மிளகோடு அரைப்பாளே, அதே காய். சங்க காலத்துப் பெண்கள் கழங்கு ஆடியதாகத் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார், அதுவும் இந்தக் கழற்சிதான். முள்ளு முள்ளாக இருக்கிற நெற்றுக்குள் ஒன்றோ இரண்டோ இருக்கும். கடலில் விழுந்தாலும் முழுகாது, மிதந்து போய் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கும். அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இந்த ஆட்டக் குடும்பத்தைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆன்டிகுவா, பார்படோஸ் தீவுகளில் 'வாரி' என்ற பெயரில் இன்றைக்கும் ஆடுகிறார்கள், அங்கேயும் இதே சாம்பல் விதைதான். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்த விதையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். ஊரைவிட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆடிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் நெசவை விட்டுவிட்ட ஒரு கிழவர். எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விதையை வாங்கிக்கொண்டு, எதிரே இருந்தவரை எழுப்பிவிட்டு, உட்கார் என்று கையைக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு யொருபா தெரியாது. அதனால் விதி எல்லாவற்றையும் தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு நான்கு விதை. பன்னிரண்டு வீடு, நாற்பத்தெட்டு விதை. உங்கள் பக்கத்து ஆறு வீடு உங்களுடையது. உங்கள் வீடு ஒன்றிலிருந்து எல்லா விதையையும் அள்ளி, வலப்பக்கமாக, வீட்டுக்கு ஒன்றாக விதைத்துக்கொண்டே போகணும். உங்கள் வலக்கோடி வீட்டைத் தாண்டினால் எதிராளி வரிசைக்குள் நுழையும். அங்கே வலமிருந்து இடமாகப் போய், முடிந்தால் மறுபடி உங்கள் வரிசைக்கு வரும். நம்ம பல்லாங்குழியில் கை விதை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளிக்கொண்டு ஓடுவோம், காலிக்குழி வந்தால் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியை எடுப்போம். நான் கற்ற அயோவில் அந்த ஓட்டம் கிடையாது. ஒரு வீடு அள்ளினால் அதோடு சரி, அடுத்தவர் முறை. கடைசி விதை எதிராளியின் வீட்டில் விழுந்து, அங்கே இருப்பது இரண்டாகவோ மூன்றாகவோ ஆனால் அது உங்களுக்கு. 'தின்பது' என்பார்கள். அதற்குப் பின்னால் ஒட்டியுள்ள வீட்டிலும் இரண்டோ மூன்றோ இருந்தால் அதையும் தின்னலாம், அதற்குப் பின்னாலும் அப்படியே. நான்கு இருந்தால் அங்கே நின்றுவிடும். நாற்பத்தெட்டில் இருபத்தைந்து சேர்த்தவர் ஜெயித்தார்.

சின்னப் பிள்ளைகள் ஆடுகிற வகை வேறு. 'ஜெரின்-ஜெரின்' என்பார்கள், நாலு நாலாகத் தின்பது என்று பொருள். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். இதைக் கேட்டதும் நம்ம ஊர்ப் பெண்கள் எல்லாரும் "அட, பசு!" என்பீர்கள். நானும் அப்படித்தான் கத்தினேன். பாபாவுக்குப் பசு என்ன புரியும்? ஏதோ இந்தியா சாமி பேரைச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

இன்னும் இரண்டு விதி பாக்கி. ஒன்று, எதிராளியின் ஆறு வீடும் காலியாக இருந்தால், நீங்கள் அவருக்கு விதை போய்ச் சேருகிற மாதிரிதான் ஆடணும். அவரைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது. இரண்டு, ஒரு வீட்டில் பன்னிரண்டும் அதற்கு மேலும் சேர்ந்துவிட்டால் அள்ளி விதைக்கும்போது சுற்றி வந்து அந்த வீட்டைத் தாண்டிப் போகணும், அதிலே போடக் கூடாது. அப்படி விதை குவிந்த வீட்டுக்கு 'ஒடு' என்று பேர். கெட்டிக்காரன் ஆட்டம் எல்லாம் ஒடு கட்டுவதில்தான் இருக்கிறது. இந்த ஒடுவைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் ஒரு வணக்கம் பற்றிச் சொல்லணும்.

யொருபா மக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வணக்கம் உண்டு. வேலை செய்கிறவருக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. அயோ ஆடுகிற இடத்தைக் கடக்கிறவர் சொல்லுகிற வணக்கம், "மோ கி ஒட்டா, மோ கி ஒப்பே." ஒட்டா என்றால் ஆட்டத்தில் தேர்ந்தவர், ஜெயிக்கிறவர். ஒப்பே என்றால் கத்துக்குட்டி, தோற்கிறவர். ஒட்டாவுக்கும் வணக்கம், ஒப்பேக்கும் வணக்கம் என்று பொருள். அதற்குப் பதிலும் உண்டு: ஒட்டா பதில் சொல்கிறார், ஒப்பே வாய் திறக்கக் கூடாது. நிஜமாகவே திறக்கக் கூடாது. யார் வந்து வணக்கம் சொன்னாலும் தோற்றுக்கொண்டிருப்பவன் தலையைக் குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டு இருக்கணும். சுற்றி நிற்பவர்கள் அதை ரசித்துச் சிரிப்பார்கள்.

நான் ஒப்பேயாகவே ஒன்றரை வருஷம் இருந்தேன். பாபா ஜெயித்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரியவர், எழுபது வயசு, ஜெயிக்கட்டும்.

இப்போது அந்தப் பையன். பெயர் சொல்ல மாட்டேன். மூன்றாம் ஃபாரம், என் வகுப்பு. அறுபத்துநான்கு பிள்ளைகள், அவன் ஜன்னலோரம். கணக்கில் நூற்றுக்கு ஒன்பது வாங்குவான். வகுப்புக்குப் பின்னால் செம்மண்ணில் இரண்டு வரிசை குழி தோண்டி, என் பாடவேளையில் சின்னப் பையன்களோடு அயோ ஆடிக்கொண்டிருந்தவனை நானே ஒருமுறை பிடித்தேன். விதைகளைப் பிடுங்கிக்கொண்டு, வராந்தாவில் முழங்கால் போட வைத்தேன். அந்த நாளில் அங்கேயும் அதுதான் வழக்கம், இங்கேயும் அதுதான் வழக்கம், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அவன் பாபாவின் பேரன்.

1983-இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மரத்தடிக்குப் போனேன். பாபாவுக்கு உடம்பு சரியில்லை, ஓரமாகப் பாய் போட்டுச் சாய்ந்திருந்தார். பேரனைக் கூப்பிட்டு என் எதிரே உட்கார வைத்தார். பையன் முதலில் மறுத்தான், "சார் எனக்கு டீச்சர்" என்றான். பாபா ஏதோ சொன்னார், உட்கார்ந்தான்.

ஆட்டம் நன்றாகவே போனது. நான் பன்னிரண்டு தின்றிருந்தேன், அவன் பதின்மூன்று. என் ஆறு வீட்டில் ஐந்தில் ஒவ்வொரு விதை இருந்தது. காலி வீடு ஒன்றுதான், நல்லாத்தான் ஆடுறோம் என்று நினைத்தேன். அவன் தன் வலக்கோடி வீட்டை வெகுநேரமாகத் தொடவே இல்லை. மறந்துவிட்டான் போலிருக்கிறது, வகுப்பில் இருப்பதுபோல் இங்கேயும் தூங்குகிறான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதில் பதினாறு விதை சேர்ந்திருந்தது. மிச்சம் இரண்டு விதை அவனுடைய வேறு வீடுகளில். கூட்டிப் பாருங்கள், நாற்பத்தெட்டு வரும்.

அவன் அந்தப் பதினாறையும் அள்ளினான். டக், டக், டக். என் ஆறு வீட்டிலும் ஒவ்வொன்று போட்டான். தன் ஐந்து வீட்டிலும் ஒவ்வொன்று போட்டான். பதினொன்று ஆயிற்று. அள்ளின வீட்டைத் தாண்டி மறுபடி என் பக்கம் வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கை தீர்ந்தது. ஏற்கெனவே ஒன்று ஒன்றாக இருந்த என் ஐந்து வீட்டிலும் இப்போது மூன்று மூன்று. ஐந்தையும் வரிசையாகத் தின்றான். பதினைந்து விதை! பதின்மூன்றும் பதினைந்தும் இருபத்தெட்டு. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது.

நான் கேட்டேன், "எப்படி எண்ணினே?" விதையைக் கையால் தொட்டுக்கூட அவன் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவன் சொன்னான்: "சார், ஒரு சுற்று பதினொன்றைத் தின்றுவிடும். மீதி ஐந்து. அந்த ஐந்து எங்கே போய் நிற்கும்னு பார்த்தாப் போதும்."

கணிதத் துறை மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் நான் நடத்திய பாடம் மட்டு எண்கணிதம், கடிகாரக் கணக்கு. வியாழக்கிழமை வைத்த தேர்வில் மூன்றாவது கேள்வி: பதினொன்றின் மட்டில் பதினாறு எதற்குச் சமம்? அவன் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. முந்தின ராத்திரிதான் திருத்தியிருந்தேன்.

சரியாக அந்த நேரத்தில் எங்கள் பள்ளியில் உடன் வேலை பார்த்த ஒருவர் சைக்கிளில் வந்து நின்று, "மோ கி ஒட்டா, மோ கி ஒப்பே" என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் வழக்கம்போல் "குட் ஈவினிங்" என்று வாயைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தன் என் வாயைப் பொத்துவதுபோல் நடித்துக் காட்டினான். பதில் சொல்ல வேண்டியவன் பையன். அவன் என்னைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் பதில் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து, அவர்கள் வழக்கப்படி என் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். மரியாதைக்குத்தான் செய்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரம் பருவ அறிக்கை எழுத வேண்டும். அந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை கண்ணால் பார்த்தேன். இந்தக் கல்லூரியில் ஐந்து வருஷம் கணிதம் படித்தவன், ஒரு பையன் மனசுக்குள் வகுத்து மீதி கண்டுபிடிப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் அவன் அறிக்கையில், "கணிதத் திறன் அறவே இல்லை, மேல் வகுப்புக்கு ஏற்றவன் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதியது கணக்கு வாத்தியார் இல்லை. சனிக்கிழமை தோற்ற ஒப்பே.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஜன்னலோரத்தில் அவன் இல்லை. லாகோஸுக்கு மோட்டார் பட்டறை வேலைக்குப் போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். என் ஒரு வரியால்தான் போனான் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் என்ன கஷ்டமோ, அந்த வருஷம் ஊரிலும் பணத்தட்டுப்பாடு. ஆனால் அந்த அறிக்கையை யாரோ ஒருவர் படித்துக் காட்டாமலா இருந்திருப்பார்கள் பாபாவுக்கு?

மூன்று வாரம் மரத்தடிப் பக்கமே போகவில்லை. வேறு தெரு வழியாக நடந்தேன். பிறகு ஒருநாள் போனேன். பாபா பெஞ்சில் தனியாக இருந்தார். அதற்குள் எனக்கு அரைகுறையாக யொருபா வரும். பையனைப் பற்றிக் கேட்டேன், மன்னிக்கணும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பதில் சொல்லாமல் வீட்டுக்கு நான்காக விதையைப் போட ஆரம்பித்தார். ஆடினோம். என் மனசு ஆட்டத்தில் இல்லை, சீக்கிரமே என் ஆறு வீடும் காலி. அவர் பக்கம் விதை நிறைய இருந்தது. விதிப்படி எனக்குப் போட்டாக வேண்டும். அவர் தன் வலக்கோடி வீட்டை அள்ளி, என் வீடு ஒவ்வொன்றிலும் நிதானமாக ஒரு விதை வைத்தார். வைத்துவிட்டு, உன் முறை என்று கையைக் காட்டினார்.

அந்தப் பருவத்திலிருந்து மட்டு எண்கணிதத்தை நான் கரும்பலகையில் நடத்தவில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், செம்மண்ணில் குழி தோண்டச் சொல்லி நடத்தினேன். பதினொன்றுக்கு ஒரு சுற்று, மீதி எங்கே நிற்கும்? இருபத்துமூன்றுக்கு மீதி என்ன? அவர்கள் எனக்குச் சொல்லித் தந்ததுதான் அதிகம். ஒரு வீட்டில் பதினேழு சேரும்வரை காத்திருப்பதா, பதினாறிலேயே அடிப்பதா என்று மணி அடித்த பின்னும் சண்டை போடுவார்கள்.

1985-இல் ஊர் திரும்பினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் பாபா இந்தப் பலகையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கைபட்டுக் கறுத்திருக்கிறது பாருங்கள். அவர் தகப்பனார் காலத்துப் பலகை என்றார். பேரனுக்குக் கொடுக்க வேண்டியதாச்சே என்றேன். அதற்கும் பதில் இல்லை. லாகோஸில் விமானம் ஏறும் முன் இரண்டு நாள் பட்டறை பட்டறையாகச் சுற்றிக் கேட்டுப் பார்த்தேன். அந்த ஊரில் எத்தனை பட்டறை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம் முப்பது வருஷம் இங்கே பள்ளியில் வேலை பார்த்து, 2015-இல் ஓய்வு பெற்றேன். நடுவில் ஒரு செய்தி படித்தேன். 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் ரொமைன், பால் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அவாரி ஆட்டத்தைக் கணிப்பொறியில் முழுசாகத் தீர்த்துவிட்டார்கள். அதற்கும் இதே பன்னிரண்டு வீடு, நாற்பத்தெட்டு விதை. ஏறத்தாழ எண்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கோடி நிலைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்களாம். முடிவு என்ன தெரியுமா? இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும், ஆளுக்கு இருபத்துநான்கு. இசெயின் மரத்தடியில் நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நான் இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு பார்த்ததில்லை. சுற்றி நிற்கிறவன் சும்மா இருந்தால்தானே தப்பில்லாமல் ஆடலாம்!

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு விஷயம். இந்தப் பையில் நாற்பத்தெட்டு விதை இருக்கிறது. அதில் நாற்பத்தாறு இசெயினிலிருந்து வந்தவை. இரண்டை என் பேத்தி தொலைத்துவிட்டாள். கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடையில் கழற்சிக்காய் என்று கேட்டு இரண்டு வாங்கிப் போட்டேன். எந்த இரண்டு என்று இப்போது எனக்கே தெரியாது, நீங்களும் தேடிப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கணிதத் துறை வராந்தாவில் பலகையை விரித்து உட்கார்ந்திருப்பேன். மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம். கடந்து போகிறவர்கள் முறைப்படி வணக்கம் சொல்லுங்கள். நான் பதில் சொல்லவில்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.